நாச்சாரத்துச் சாலையும் நௌபத் குன்றும்: ஆய்வகமும் அறிவியல் மையமும் பிரிந்த வரலாறு

1

ஹைதராபாத்தில் தார்நாகாவிலிருந்து உப்பலுக்குச் செல்லும் சாலையில், நாச்சாரத்துக்குப் பிரியும் ஹப்சிகுடா முனையின் இருபுறமும், சில கிலோமீட்டர் தொலைவுக்குள் மூன்று தேசிய ஆய்வகங்கள் அமைந்துள்ளன. இந்திய வேதியியல் தொழில்நுட்ப நிறுவனம், உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம், தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம் என்பன அவை. மூன்றும் சி.எஸ்.ஐ.ஆர். எனப்படும் அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சிக் குழுமத்தைச் சேர்ந்தவை. 2017 நவம்பரில் இச்சாலையின்மேல் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியபோது ஒரு நிலையத்துக்கு ‘என்.ஜி.ஆர்.ஐ.’ என்றே பெயர் சூட்டப்பட்டது. புவி இயற்பியல் நிறுவனத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் இவ்வாறு நகரத்தின் அன்றாடப் பேச்சில் இடம்பெற்றன. அந்த மதிலுக்குள் நடக்கும் ஆராய்ச்சிக்கு அதே அளவு இடம் கிடைத்துள்ளதா என்பது வேறு கேள்வி.

அதே நகரத்தின் அறிவியல் மையம், ஹுசைன் சாகர் ஏரிக்குத் தெற்கே, நௌபத் பஹாட் என்னும் குன்றின்மேல் உள்ளது. ‘நௌபத்’ என்பது முரசைக் குறிக்கும் சொல். அரச ஆணைகளை முரசறைந்து அறிவித்த இடம் அது என்பது அக்குன்றைப் பற்றி வழங்கும் செய்தி. அங்கே பிர்லா கோளரங்கம் 1985 செப்டம்பரில் அன்றைய ஆந்திர முதலமைச்சர் என்.டி. ராமராவால் திறந்து வைக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து 1990-இல் அறிவியல் அருங்காட்சியகம் உருவாயிற்று. பள்ளிச் சுற்றுலாப் பேருந்துகள் ஏறும் குன்று அது. ஆய்வாளர்களின் வாகனங்கள் நுழையும் வாயில்களோ உப்பல் சாலையில் உள்ளன.

அறிவியலை உருவாக்கும் இடம் ஒன்றாகவும் அதைக் காட்டும் இடம் வேறொன்றாகவும் இருப்பது இன்று இயல்பான ஏற்பாடாகத் தோன்றுகிறது. இந்தியாவில் அது தொடக்கத்தில் அவ்வாறு இருக்கவில்லை. இரண்டும் ஒரே கூரையின்கீழ் இருந்த காலம் ஒன்று உண்டு; பிரிந்த ஆண்டு உண்டு; மீண்டும் ஒப்பந்தம் போட்டுச் சேர்ந்த ஆண்டும் உண்டு. அந்த இடைவெளியில் எவை இழக்கப்பட்டன, எவை தப்பின என்பதை ஹைதராபாத்தை மையமாக வைத்துப் பார்ப்பது, இன்று பெருகிவரும் ‘அறிவியல் பரப்புரைக் கூட்டாண்மை’களை மதிப்பிட உதவும்.

2

சுதந்திர இந்தியாவின் முதல் பெரிய அறிவியல் அருங்காட்சியகமான பிர்லா தொழில் மற்றும் தொழில்நுட்ப அருங்காட்சியகம் 1959 மே 2 அன்று கல்கத்தாவில் திறக்கப்பட்டது. ஜெர்மனியின் மியூனிக் நகரில் உள்ள டாய்ச்சஸ் அருங்காட்சியகத்தைக் கண்ட மேற்கு வங்க முதலமைச்சர் பி.சி. ராய் அதைப் போன்ற ஒன்று இந்தியாவிலும் வேண்டும் என்று கருதினார். ஜி.டி. பிர்லா தம் குடும்பத்து மாளிகையை அதற்காக வழங்கினார். அந்த மாளிகை வழங்கப்பட்டது சி.எஸ்.ஐ.ஆர். அமைப்பிடம். அதாவது தேசிய ஆய்வகங்களை நடத்திய அதே அமைப்பே அருங்காட்சியகத்தையும் நடத்தியது. 1965-இல் பெங்களூரில் திறக்கப்பட்ட விஸ்வேஸ்வரய்யா தொழில் மற்றும் தொழில்நுட்ப அருங்காட்சியகமும் அவ்வமைப்பின் கீழேயே இயங்கியது. அதே ஆண்டில் கல்கத்தா அருங்காட்சியகம் பேருந்தில் காட்சிப் பொருள்களை ஏற்றிக்கொண்டு ஊர்ப்புறப் பள்ளிகளுக்குச் செல்லத் தொடங்கியது.

இந்த ஏற்பாட்டின் பொருளைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஒரே குழுமத்தின் வரவு செலவுத் திட்டத்தில் ஆய்வகத்துக்கும் காட்சிக்கூடத்துக்கும் இடம் இருந்தது. ஆராய்ச்சியின் கடமைகளுள் ஒன்றாக அதைக் காட்டுவதும் எண்ணப்பட்டது. ஆனால் அருங்காட்சியகங்களின் எண்ணிக்கையைப் பெருக்கி, தேசிய, மண்டல, மாவட்ட அளவில் மூன்று அடுக்குகளாகப் பரப்பவேண்டும் என்ற திட்டம் 1970-களில் வலுப்பெற்றது. ஆராய்ச்சிக்கென அமைந்த ஒரு குழுமம் அவ்வளவு விரிந்த வலையை ஆள இயலாது என்று அரசு கருதியது. 1978 ஏப்ரல் 4 அன்று தேசிய அறிவியல் அருங்காட்சியகங்கள் குழுமம் தனிச் சங்கமாகப் பதிவு செய்யப்பட்டது. கல்கத்தா, பெங்களூர் அருங்காட்சியகங்களும், அப்போது உருவாகிக்கொண்டிருந்த பம்பாய் மையமும் சி.எஸ்.ஐ.ஆர்.-இலிருந்து பிரிக்கப்பட்டு அதன்கீழ் வைக்கப்பட்டன.

பிரிவினால் நன்மை விளைந்தது உண்மை. புருலியா, குல்பர்கா, தரம்பூர் ஆகிய இடங்களில் மாவட்ட மையங்கள் தோன்றின. 1987-இல் திருநெல்வேலியிலும் ஒன்று தோன்றியது. நெல்லைச் சீமையின் பள்ளிப் பிள்ளைகள் பலருக்கு நெம்புகோலையும் ஆடியையும் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு அதனால்தான் கிட்டியது. எனினும் விலை ஒன்று கொடுக்க வேண்டியிருந்தது. புதிய மையங்கள் அறிவியலின் நிலைபெற்ற விதிகளைக் காட்டுவதில் தேர்ந்தன. நியூட்டனின் விதி எங்கும் எப்போதும் ஒன்றே என்பதால் அதைக் காட்ட அருகில் ஓர் ஆய்வகம் தேவைப்படவில்லை. ஓர் ஊரில் நிகழ்கின்ற, இன்னும் முடியாத ஆராய்ச்சியைக் காட்டுவதற்கோ ஆய்வாளரின் துணை தேவை. அந்தத் துணையைப் பெறுவதற்கான நிர்வாகப் பாதை 1978-இல் அடைபட்டது.

3

நாச்சாரத்துச் சாலையின் ஆய்வகங்களுக்கு இந்தக் கதையில் தனியிடம் உண்டு. ஹைதராபாத் சமஸ்தானம் 1944-இல் நிறுவிய அறிவியல், தொழிலக ஆய்வகமே பிற்பாடு சி.எஸ்.ஐ.ஆர்.-உடன் இணைந்து மண்டல ஆராய்ச்சி ஆய்வகம் ஆயிற்று. 1989 முதல் இந்திய வேதியியல் தொழில்நுட்ப நிறுவனம் என வழங்குகிறது. அங்கே பணியாற்றிய புஷ்ப மித்ர பார்கவா, சதீஷ் தவான், அப்துர் ரஹ்மான் ஆகியோருடன் சேர்ந்து 1964-இல் அறிவியல் மனப்பான்மைக்கான சங்கத்தை ஹைதராபாத்தில் தொடங்கினார். அறிவு மனித முயற்சியால் மட்டுமே அடையப்படுவது, இயற்கைக்கு அப்பாற்பட்ட ஆற்றலைத் துணைக்கழைக்காமலேயே சிக்கல்களைத் தீர்க்க முடியும் என்ற கருத்துடைய உறுதிமொழியில் கையெழுத்திடச் சங்கம் அறிவியலாளர்களைக் கேட்டது. பலர் மறுத்துவிட்டதாகப் பார்கவா பின்னாளில் வருத்தத்துடன் எழுதினார். மக்களுக்கு அறிவியல் மனப்பான்மையை ஊட்டப் புறப்பட்டவர்கள் முதலில் மோதியது ஆய்வகத்தின் உட்சுவரில்தான்.

1976-இல் நிறைவேறிய 42-ஆம் திருத்தத்தின் வழியாக அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்றாக அரசமைப்பில் இடம்பெற்றது. மறு ஆண்டு பார்கவா உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் நிறுவன இயக்குநரானார். 1980 அக்டோபரில் நீலகிரியின் குன்னூரில் அறிவியலாளர்களும் அறிஞர்களும் கூடி விவாதித்ததன் பயனாக, ‘அறிவியல் மனப்பான்மை பற்றிய அறிக்கை’ 1981-இல் பம்பாயில் வெளியிடப்பட்டது. பி.என். ஹக்சர், ராஜா ராமண்ணா ஆகியோருடன் பார்கவாவும் அதன் முதன்மை ஆசிரியருள் ஒருவர்.

அவ்வறிக்கை வெளிவந்த சூட்டோடு ஆஷிஸ் நந்தி அதற்கு மறுப்பு எழுதினார். அறிவியலாளர்கள் மேடையிலும் மக்கள் தரையிலும் நிற்பதாக அறிக்கை கற்பனை செய்கிறது என்பதும், அறிவியலின் அதிகாரத்தைக் கேள்வி கேட்கும் உரிமை மக்களுக்கும் உண்டு என்பதும் அந்த மறுப்பின் சாரம். இருதரப்பில் எவர் சரி என்பது இங்கே முடிவு செய்ய வேண்டியதன்று. விவாதம் முழுவதும் மனப்பான்மை பற்றியே நடந்தது என்பதே கவனிக்கத்தக்கது. ஆய்வகத்தில் கிடைத்த குறிப்பிட்ட ஒரு முடிவை, குறிப்பிட்ட ஓர் ஊராரிடம், அவர்கள் மொழியில், எந்தக் கட்டடத்தில் வைத்து, யார் எடுத்துச் சொல்வது என்ற எளிய நிர்வாகக் கேள்வி அறிக்கையிலும் மறுப்பிலும் பின்னுக்குப் போயிற்று. அக்கேள்விக்கு விடையளிக்கக்கூடிய இரண்டு அமைப்புகளும் 3 ஆண்டுகளுக்கு முன்புதான் பிரிந்திருந்தன.

4

அவ்விடை எவ்வாறு இருந்திருக்கலாம் என்பதற்கு ஹைதராபாத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. கொள்கை அறிக்கை எதுவும் இல்லாமல், ஓர் எலும்புக்கூட்டின் வழியாக அது நிகழ்ந்தது.

பிராணஹிதாவும் கோதாவரியும் பாயும் பள்ளத்தாக்கில் கோட்டா எனப்படும் பாறையடுக்கு உள்ளது. ஜுராசிக் காலத்தைச் சேர்ந்த அதில் பெரும் விலங்குகளின் எச்சங்கள் புதைந்துள்ளன. இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவிய பி.சி. மகலனோபிஸ் அழைத்ததன்பேரில் லண்டனிலிருந்து வந்த தொல்லுயிரியலாளர் பமீலா ராபின்சனின் வழிகாட்டுதலில் 1950-களின் இறுதியில் அங்கே தேடல் தொடங்கியது. போச்சம்பள்ளி என்னும் சிற்றூர் அருகே 1960, 1961 ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான எலும்புகள் தோண்டி எடுக்கப்பட்டன. 1975-இல் அவ்விலங்கு ‘பாரபாசாரஸ் தாகோரை’ எனப் பெயர் பெற்றது. ‘பார பா’ என்பது வங்காள மொழியில் ‘பெரிய கால்’. அதனோடு பல்லி என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல் சேர்ந்தது. அகழ்வு நடந்த 1961 தாகூரின் நூற்றாண்டு ஆதலால் இனப்பெயரில் அவர் இடம்பெற்றார். தெலுங்கு வழங்கும் நிலத்தில் கிடைத்த விலங்குக்குப் பெயர் கொடுத்தது ஆய்வு நிறுவனம் அமைந்த ஊரின் மொழி. அதன் எலும்புக்கூடு இன்று கொல்கத்தாவில், இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் நிலவியல் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

போச்சம்பள்ளிக்கு வடக்கே ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில், அப்போதைய அடிலாபாத் மாவட்டத்து யாமன்பள்ளி என்னும் ஊரின் அருகே 1970-களின் பிற்பகுதியில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையினர் மற்றொரு பெருந்தொகுதியைக் கண்டனர். குறைந்தது 12 விலங்குகளுக்கு உரிய 840 எலும்புப் பகுதிகள் அங்கே கிடைத்தன. 1988-இல் அத்துறையின் பி. யாதகிரி அவ்விலங்குக்குக் ‘கோட்டாசாரஸ் யாமன்பள்ளியென்சிஸ்’ எனப் பெயரிட்டார். இம்முறை பாறையின் பெயரும் ஊரின் பெயரும் விலங்குக்கு வந்தன. ஏறத்தாழ 9 மீட்டர் நீளமுள்ள, தாவரம் உண்ணும் அந்த விலங்கின் எலும்புக்கூடு நௌபத் குன்றின்மேல், பிர்லா அறிவியல் அருங்காட்சியகத்தில் நிறுத்தப்பட்டது. அதை நடுவில் கொண்ட டைனோசர் கூடம் 2000-இல் திறக்கப்பட்டது.

ஒரே பள்ளத்தாக்கில் கிடைத்த இரு விலங்குகளும் இருவேறு வகையான இல்லங்களைச் சேர்ந்தன. பாரபாசாரஸ் அதை ஆய்ந்தவர்களின் நிறுவனத்திலேயே நிற்கிறது. அதைப் பற்றி ஐயம் எழுந்தால் விடை சொல்லத்தக்கவர் அதே வளாகத்தில் இருப்பார். ஆனால் ஞாயிறு மாலையில் குழந்தையைத் தோளில் சுமந்துவரும் தந்தை போகும் வழியில் அந்த வளாகம் இல்லை. கோட்டாசாரஸ் நிற்கும் குன்றுக்கு அந்தத் தந்தை வருகிறார். கோதாவரிக் கரையிலிருந்து தலைநகரம் காண வரும் குடும்பமும், தம் ஊர்ப்பக்கத்து மண்ணில் கிடைத்த எலும்பைத் தம் மாநிலத்திலேயே காண்கிறது. அங்கே குறைவது அருகில் நின்று பேசும் ஆய்வாளர்.

அந்தக் குறைவு சிறியதன்று. எலும்புக்கூடு நிறுத்தப்பட்டவுடன் ஆராய்ச்சி முடிந்துவிடுவதில்லை. யாமன்பள்ளியில் மண்டையோடு கிடைக்கவில்லை. ஆகையால் பார்வையாளர் காணும் தலை அனுமானத்தால் ஆனது. பல விலங்குகளின் எலும்புகள் கலந்து கிடந்த தொகுதி அது என்பதால் நிற்கும் உருவம் ஒரே விலங்கின் உடலாக இருக்க இயலாது. கோட்டா அடுக்கு ஜுராசிக்கின் தொடக்கத்தைச் சேர்ந்ததா, நடுப்பகுதியைச் சேர்ந்ததா என்ற விவாதம் உண்டு. கோட்டாசாரஸும் பாரபாசாரஸும் ஒன்றாகவே இருக்கலாமோ என்ற ஐயமும் ஆய்விதழ்களில் எழுப்பப்பட்டது. இரண்டுக்கும் இடையே பல வேறுபாடுகள் உண்டு என 2010-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று விடையிறுத்தது. ஒரு பலகையில் ஒருமுறை எழுதப்படும் வாசகம் இவற்றைத் தாங்காது. பொருளை ஒப்படைத்த ஆய்வு நிறுவனம் ஆண்டுதோறும் திரும்பி வந்து, ‘சென்ற முறை இப்படிச் சொன்னோம், இப்போது இப்படிக் கருதுகிறோம்’ என்று கூறும் ஏற்பாடு இருந்தால்தான் அது தாங்கும். அறிவியல் எவ்வாறு தன்னைத் திருத்திக்கொள்கிறது என்பதைப் பொதுமக்கள் காணக்கூடிய அரிய இடம் அந்த டைனோசர் கூடம்.

5

ஆய்வகங்களும் அருங்காட்சியகங்களும் பெரிய அளவில் மீண்டும் கைகோத்த நிகழ்ச்சியாக 2019-இன் ‘விக்யான் சமாகம்’ கண்காட்சியைக் கூறலாம். அணுசக்தித் துறையும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் தேசிய அறிவியல் அருங்காட்சியகங்கள் குழுமத்துடன் இணைந்து அதை நடத்தின. செர்ன், லைகோ, சதுரக் கிலோமீட்டர் அணி வானொலித் தொலைநோக்கி, முப்பது மீட்டர் தொலைநோக்கி, இந்திய நியூட்ரினோ ஆய்வகம் முதலிய பெருந்திட்டங்கள் அதில் விளக்கப்பட்டன. 2019 மே மாதம் மும்பையில் தொடங்கிப் பெங்களூர், கொல்கத்தா வழியாக 2020-இன் தொடக்கத்தில் தில்லியை அடைந்தது அக்கண்காட்சி. திட்டங்களில் பணியாற்றும் ஆய்வாளர்களே விளக்கவுரை ஆற்றினர். 1978-இல் பிரிந்தவை ஒன்றுசேர்ந்தால் என்ன ஆற்றல் பிறக்கும் என்பதை அது காட்டியது.

ஆயினும் அது சென்ற ஊர்களின் பட்டியலைத் தமிழ் வாசகர் ஒருமுறை பார்க்க வேண்டும். இந்திய நியூட்ரினோ ஆய்வகம் அமையவிருந்த இடம் தேனி மாவட்டத்துப் பொட்டிப்புரம். போடி மேற்கு மலையைக் குடைந்து, ஏறத்தாழ ஒரு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பாறையின் அடியில், 50,000 டன் காந்தமேற்றிய இரும்பைக் கொண்டு உணர்கருவி அமைப்பது திட்டம். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அதே ஆண்டு மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெறும்வரை பணியைத் தொடங்கத் தடை விதித்தது. சுற்றுச்சூழல் அனுமதியைப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-இல் நிறுத்திவைத்தது. 2018-இல் மீண்டும் அனுமதி கிடைத்தது. 2022-இல் தமிழ்நாடு அரசு தன் எதிர்ப்பை உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. மலையின் சூழலியல், நீர்வளம், வனவிலங்கு வழித்தடம் பற்றி எழுந்த கேள்விகள் விடை காணத்தக்கவை. அவற்றோடு நியூட்ரினோவே கதிர்வீச்சு நஞ்சு என்பது போன்ற அச்சங்களும் கலந்து பரவின. ஒவ்வொரு நொடியும் கோடிக்கணக்கான நியூட்ரினோக்கள் கதிரவனிலிருந்து வந்து மனித உடலை ஊடுருவிச் செல்கின்றன என்ற எளிய செய்தி உரிய காலத்தில், உரிய ஊரில், தேனித் தமிழில் சொல்லப்பட்டிருக்க வேண்டும்.

நியூட்ரினோவை விளக்கிய அந்தக் கண்காட்சி நான்கு பெருநகரங்களுக்குச் சென்றது. தமிழ்நாடு அப்பட்டியலில் இல்லை. திருநெல்வேலியில் அதே குழுமத்தின் மாவட்ட மையமும், சென்னை கோட்டூர்புரத்தில் தமிழ்நாடு அரசின் அறிவியல் மையமும் அப்போது இயங்கிக்கொண்டிருந்தன. கண்காட்சி தேனிக்கு வந்திருந்தால் எதிர்ப்பு அடங்கியிருக்கும் என்று கூற இயலாது. அடங்க வேண்டும் என்பதும் நோக்கமாக இருக்கலாகாது. நந்தி சுட்டிய கேள்வி கேட்கும் உரிமை பொட்டிப்புரத்தாருக்கும் உண்டு. ஆனால் ஐயத்தையும் அச்சத்தையும் பிரித்தறிந்து கேட்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைத்திருக்கும். ஆய்வாளர்களுக்கும் எந்தக் கேள்விக்குத் தம்மிடம் விடை இல்லை என்பது வழக்குமன்றத்துக்கு முன்பே தெரிந்திருக்கும்.

6

மறு ஆண்டே நாச்சாரத்துச் சாலையில் வேறொரு சோதனை வந்தது. 2020-இல் கொரோனா பரவியபோது உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் இந்திய வேதியியல் தொழில்நுட்ப நிறுவனமும் சேர்ந்து ஹைதராபாத்தின் கழிவுநீரை ஆய்ந்தன. தொற்றுடையோரின் மலத்தில் வைரஸின் மரபுப்பொருள் வெளியேறுவதால், சுத்திகரிப்பு நிலையங்களுக்கு வரும் நீரைச் சோதித்து நகரின் தொற்றளவைக் கணிக்கலாம் என்பது அடிப்படை. நகர மக்களில் ஏறத்தாழ 6 சதவீதத்தினர், அதாவது 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர், தொற்றுக்கு ஆளாகியிருக்கலாம் என்று ஆகஸ்டில் வெளியான முடிவு கூறியது.

நாளிதழ்த் தலைப்பில் அந்த எண் அச்சமூட்டுவது. அதன் உட்பொருள் அமைதி தருவதாகவும் இருக்கலாம். தொற்றுற்றவர் ஏறத்தாழ 35 நாள்வரை வைரஸின் மரபுப்பொருளை வெளியேற்றக்கூடும் என்பதால் அக்கணக்கில் அண்மையில் குணமடைந்தோரும் அடங்குவர். பெரும்பாலோருக்கு அறிகுறி இல்லை, மருத்துவமனையும் தேவைப்படவில்லை என்பதும் அதிலிருந்து பெறப்படும். இவ்வளவையும் ஒரு தலைப்பால் சொல்ல முடியாது. கழிவுநீர்க் குழாயின் மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு, குடும்பம் குடும்பமாக வருவோரிடம், தெலுங்கிலும் உருதுவிலும் அரை மணி நேரம் பேசக்கூடிய ஓர் இடம் வேண்டும். அறிவியல் மையங்கள் அப்போது பூட்டிக் கிடந்தன. பெருந்தொற்றுக் காலத்தில் பூட்டு தவிர்க்க முடியாதது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டுகளில் ஆய்வகத்துக்கும் மையத்துக்கும் இடையே அன்றாடப் பழக்கம் இருந்திருந்தால், பூட்டிய கதவுக்கு வெளியேயும் நகரம் நம்பிக் கேட்கும் சில குரல்கள் உருவாகியிருக்கும். நெருக்கடியின்போது நம்பிக்கையைப் புதிதாக ஈட்டுவது கடினம்.

மொழி பற்றிய செய்தி இவ்விடத்தில் ஒன்றுண்டு. சி.எஸ்.ஐ.ஆர். பல்லாண்டுகளாக மக்களுக்கான அறிவியல் இதழ்களை வெளியிட்டு வந்துள்ளது: இந்தியில் 1952 முதல் ‘விக்யான் பிரகதி’, ஆங்கிலத்தில் 1964 முதல் ‘சயின்ஸ் ரிப்போர்ட்டர்’, உருதுவில் ‘சயின்ஸ் கி துனியா’. அவ்வமைப்பின் மூன்று ஆய்வகங்கள் ஒரே சாலையில் நிற்கும் ஊரின் தெலுங்கு அப்பட்டியலில் இல்லை, தமிழும் இல்லை. தமிழில் அவ்விடத்தை நிரப்பியது மக்கள் அறிவியல் இயக்கம். தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் புதுவை அறிவியல் இயக்கமும் 1987 முதல் ‘துளிர்’ இதழை நடத்தி வருகின்றன. சென்னையின் கணித அறிவியல் நிறுவனம் 2016 முதல் மியூசிக் அகாடமியில் ‘சபாவில் அறிவியல்’ என்னும் பொதுவுரைகளை நடத்துகிறது. பிரிந்த இரு நிறுவனங்களுக்கு இடையே மொழியின் பாலத்தைக் கட்டியோர் பெரும்பாலும் அவ்விரண்டுக்கும் வெளியே நின்றோரே.

7

சி.எஸ்.ஐ.ஆர். 2017-இல் ‘ஜிக்யாசா’ திட்டத்தின்வழி 1,151 கேந்திரிய வித்யாலயப் பள்ளிகளைத் தன் ஆய்வகங்களுடன் இணைத்தது. நௌபத் குன்றின் மையம் 2019-இல் இஸ்ரோவின் துணையோடு விண்வெளி அருங்காட்சியகம் ஒன்றைத் தொடங்கியது. 2022-இல் சி.எஸ்.ஐ.ஆர்.-உம் தேசிய அறிவியல் அருங்காட்சியகங்கள் குழுமமும் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டன. தேர்ந்தெடுக்கப்பட்ட ஆய்வகங்களில் அருங்காட்சியகங்கள் அமைப்பது அதன் நோக்கம். 44 ஆண்டுகளுக்கு முன் ஒன்றாக இருந்த இரண்டும் ஒப்பந்தத் தாளில் மீண்டும் சந்தித்தன. மகிழத்தக்க செய்திதான். ஒப்பந்தம் எதைக் கைமாற்றுகிறது என்பதைப் பொறுத்தே அதன் பயன் அமையும்.

கடந்த வரலாறு அதற்குச் சில அளவுகோல்களைத் தருகிறது. ஆய்வகம் உண்மையான பொருளையோ தரவையோ ஒப்படைக்கிறதா? யாமன்பள்ளி எலும்பு போன்ற ஒன்று பிளாஸ்டிக் மாதிரிகள் நூற்றை விட வலியது. ஒப்படைத்தபின் ஆய்வாளர் திரும்பி வருகிறாரா? அவ்வாறு வருவது அவருடைய பணி மதிப்பீட்டில் கணக்கில் கொள்ளப்படுகிறதா? விளக்கம் அவ்வூர் மொழியில் எழுதப்படுகிறதா, அல்லது ஆங்கிலத்தில் எழுதி இறுதி வாரத்தில் மொழிபெயர்க்கப்படுகிறதா? திட்டத்தின் பலனையோ பாதிப்பையோ பெறப்போகும் ஊருக்கு, வழக்கு எழுமுன் காட்சி செல்கிறதா? இவற்றுக்கு ‘ஆம்’ என்ற விடை இல்லாத கூட்டாண்மை, முரசறையும் பழைய குன்றின் வேலையையே புதிய விளக்குகளோடு செய்துகொண்டிருக்கும்.

இவை புதிய கோரிக்கைகளும் அல்ல. தஞ்சை மாவட்டத்தில் பிறந்த நிலவியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன், இன்றைய பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 1940-இல் ஒரு கல்மரத்தைக் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தார். சுமார் 18 மீட்டர் நீளமுள்ள அம்மரம் வெட்டி எடுத்துச் செல்லப்படவில்லை. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில், கிடந்த ஓடையின் கரையிலேயே இன்றும் கிடக்கிறது. அவ்வூர்ப் பிள்ளைகள் கடல் ஒருகாலத்தில் தம் வயலுக்கு அருகே இருந்தது என்பதை அதைக் காட்டியே சொல்லிக்கொள்ள முடிகிறது. பின்னர் அத்துறையின் முதல் இந்திய இயக்குநராக உயர்ந்த கிருஷ்ணன், ஓய்வுக்குப் பின் 1961-இல் ஹைதராபாத்தில் புதிதாகத் தொடங்கப்பட்ட தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் முதல் இயக்குநரானார்.

நாச்சாரத்துக்கு அருகே மெட்ரோ நிலையம் ஒன்று தாங்கி நிற்கும் நான்கு எழுத்துகள் அந்த நிறுவனத்தினுடையவை. நடைமேடையில் ரயிலுக்காகக் காத்திருக்கும் சில நிமிடங்களில், அந்த மதிலுக்குள் இந்த ஆண்டு என்ன கண்டறிந்தார்கள் என்பதைத் தெலுங்கில் நான்கு வரியாக எழுதி, அடுத்த ஆண்டு அதைத் திருத்தியும் வைக்கும் ஒரு பலகைக்கு அங்கே இடம் உண்டு. அதற்குப் புரிந்துணர்வு ஒப்பந்தம்கூடத் தேவையில்லை.